சிகாகோ நகர உணவகச் சோதனைப் பதிவேடுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசாணை, நாட்குறிப்பு ஆகியனவே நம் நினைவிற்கு வருகின்றன. அண்மைக் காலத்தில் நகராட்சிகள் தம் அன்றாட அலுவலின்போது தொகுத்து, எவரும் எடுத்தாளும் வண்ணம் வெளியிடும் பொதுத்தரவுகளும் இவ்வரிசையில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இருபத்தோராம் நூற்றாண்டு நகரமொன்றின் உணவு வரலாற்றை நாளை எழுதப் புகுவோர்க்கு இவையே முதன்மைச் சான்றுகளாக அமையக்கூடும். ஆதலின் இவற்றை எங்ஙனம் படிப்பது என்னும் வினா இப்பொழுதே எழுப்பப்பட வேண்டியதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிகாகோ நகர நிருவாகம், 2010 சனவரி 1 முதல் உணவகங்களிலும் பிற உணவு நிலையங்களிலும் நடத்தப்பெற்ற சுகாதாரச் சோதனைகளின் முடிவுகளைப் பொதுத்தரவாக வெளியிட்டு வருகிறது. இக்கட்டுரை அத்தொகுப்பை முதன்மைச் சான்றாகவும், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களின் பதிவேடுகளை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொள்கிறது. சோதனைப் பதிவேடு உணவின் தூய்மையை நேரே உரைப்பதன்று. ஒரு சோதனையாளர் ஒருநாள் ஓரிடத்திற்குச் சென்று, அன்று நடைமுறையிலிருந்த விதியின் சொற்களைக் கொண்டு எழுதிய குறிப்பே அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். எழுதியவர், எழுதிய காலம், எழுதாது விடுத்தவை ஆகிய மூன்றையும் அறிந்து படிக்கும்போதே அது சான்றாகும் தகுதியைப் பெறுகிறது.

1. பதிவேட்டிற்கு முந்தைய வரலாறு

உணவுத் தூய்மை குறித்த பொதுக் கவலைக்கும் சிகாகோ நகருக்கும் உள்ள தொடர்பு நெடியது. அந்நகரின் இறைச்சித் தொழிற்கூடங்களைக் களமாகக் கொண்டு அப்டன் சிங்கிளேர் எழுதிய 'தி ஜங்கிள்' என்னும் புதினம் 1906இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு சூன் 30 அன்று இறைச்சிச் சோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒரே நாளில் கையொப்பம் பெற்றன. 1908இல் பாலைக் கொதிநிலைக்குக் கீழ்ச் சூடேற்றி நுண்ணுயிர் நீக்கிய பின்னரே விற்க வேண்டும் என விதி செய்த முதல் அமெரிக்கப் பெருநகரமும் சிகாகோவே.

எனினும் சட்டம் இருத்தல் வேறு. செய்தி மக்களைச் சென்றடைதல் வேறு. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது நகரின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரு விடுதிகளிலிருந்து அமீபாச் சீதபேதி பரவியது. 1,400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர். ஆகஸ்டு மாதத்திலேயே முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ஆயினும் பொதுமக்களுக்குரிய விரிவான எச்சரிக்கை, கண்காட்சியின் அவ்வாண்டுப் பருவம் முடிவடையும் தறுவாயில் நவம்பரில்தான் வெளிவந்தது. விடுதியில் தங்கிச் சென்ற வெளியூரார் பலர் தத்தம் ஊர்களில் நோயின் பெயரறியாது மருத்துவம் பெற்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இந்நிகழ்வில் மற்றொரு கூறும் உண்டு. முதலில் ஐயத்திற்கு உள்ளானோர் சமையலறைப் பணியாளர்களே. அவர்களே சோதிக்கப்பட்டனர், தொற்றுடையோர் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் கலக்க இடந்தந்த பழுதடைந்த குழாய் அமைப்பே முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சோதனை என்பது தான் தேடும் இடத்தில் மட்டுமே காணும் இயல்பினது. நோய் குழாயில் இருக்க, பழி சமையற்காரர் மீது விழுந்தது. பிற்காலப் பதிவேடுகளைப் படிக்கும்போதும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

2. பதிவேடு பொதுவுடைமையாதல்

சோதனை முடிவை மக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் பரவலாக வலுப்பெறுதற்கு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் வழிகோலியது. 1997 நவம்பரில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்று உணவகச் சமையலறைகளை மறைகாணியால் படமெடுத்து ஒளிபரப்பியது. சில வாரங்களில் மாவட்ட ஆட்சிக்குழு விதி இயற்றியது. 1998 சனவரி முதல் 90 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்ற உணவகம் 'ஏ', 80 முதல் 89 வரை 'பி', 70 முதல் 79 வரை 'சி' என எழுத்தட்டையை வாயிலில் தொங்கவிட வேண்டியதாயிற்று. நியூயார்க் நகரம் 2010 சூலையில் இம்முறையைத் தழுவியது. ஆங்கு மதிப்பெண் குறைகளைக் கணக்கிடுவதாகலின், குறைந்த எண்ணே சிறந்தது: 13 வரை 'ஏ', 14 முதல் 27 வரை 'பி', அதற்கு மேல் 'சி'.

சிகாகோ எழுத்தட்டை முறையைக் கைக்கொள்ளவில்லை. அது பதிவேட்டையே திறந்து வைத்தது. 2012 டிசம்பரில் நகரத் தலைவர் ராம் இமானுவேல் பிறப்பித்த ஆணை, பொதுத்தரவு வெளியீட்டை நகரத் துறைகளின் கடமையாக்கிற்று. 1933இல் மூன்று மாத காலம் அலுவலகத்துள் அடைபட்டிருந்த வகைச் செய்தியை இன்று எவரும் தம் இல்லத்திலிருந்தே காணலாம். இம்மாற்றத்தின் அருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. பின்வரும் பகுதிகளில் கூறப்படும் குறைகள், பதிவேட்டைத் திறந்தமையாலேயே நமக்குத் தெரியவந்தவை.

3. பதிவேட்டின் அமைப்பு

சிகாகோத் தொகுப்பின் ஒவ்வொரு பதிவும் ஒரு சோதனையைக் குறிக்கிறது. நிலையத்தின் பதிவுப் பெயர், வழக்குப் பெயர், உரிம எண், முகவரி, இடர் வகை, சோதனை நாள், சோதனை வகை, முடிவு, கண்ட குறைகள் என அதன் புலங்கள் அமைகின்றன. இடர் மூவகைப்படும். சமைத்து, ஆறவைத்து, மீண்டும் சூடாக்கிப் பரிமாறும் சமையலறைகள் போன்றவை முதல் வகை; பொட்டலப் பண்டம் மட்டும் விற்பன போன்றவை மூன்றாம் வகை. இவ்வகைப்பாடு உணவகம் தூய்மையற்றது என்று பொருள்படாது; அங்கு நிகழும் செயல்களின் இயல்பை மட்டுமே சுட்டும். இதனை அறியாதார் 'மிகு இடர்' என்னும் சொல்லைக் கண்டு அஞ்சுவர்.

முடிவுப் புலத்தில் 'தேர்வு', 'நிபந்தனையுடன் தேர்வு', 'தோல்வி' ஆகிய மூன்று மட்டுமன்றி, 'உள்ளே செல்ல இயலவில்லை', 'ஆயத்தமாகவில்லை', 'நிலையத்தைக் கண்டறிய இயலவில்லை', 'தொழில் நின்றுவிட்டது' எனப் பொருள்படும் முடிவுகளும் உள்ளன. இவற்றுள் 'நிபந்தனையுடன் தேர்வு' என்பது கடுங்குறை காணப்பட்டு அச்சோதனையின்போதே திருத்தப்பட்டதைக் குறிக்கும். தேர்வு விழுக்காட்டைக் கணிப்போர் இதனை எப்பக்கம் சேர்ப்பது என்பதைப் பொறுத்து நகரம் தூயதாகவோ தூய்மை குன்றியதாகவோ தோன்றும்.

குறைகள் புலமே வரலாற்றாய்வாளர்க்கு மிக்க பயன் தருவது. இதில் விதி எண்ணும் விதியின் வாசகமும் முதலில் வர, சோதனையாளர் தம் கண்ணால் கண்டவை உரைநடையில் தொடர்கின்றன. எந்தப் பாத்திரத்தில் எவ்வுணவு எவ்வளவு வெப்பத்தில் இருந்தது, கைகழுவும் தொட்டியை எது மறைத்திருந்தது, எச்சுவரில் ஓட்டை இருந்தது என்பன போன்ற செய்திகளை இப்பகுதியில் காணலாம். எண்களைத் தேடுவோர் இப்பகுதியைக் கடந்து சென்றுவிடுகின்றனர். நகரச் சமையலறையின் அன்றாட வாழ்வு எழுத்தில் பதிவான இடங்களுள் இதற்கு இணையானவை சிலவே. வாசகத்தை முழுமையாகப் படித்துப் பழகிய மொழித்துறையினர்க்கு இங்குத் தனியிடம் உண்டு.

உரிம எண், நகரம் தனியே வெளியிடும் தொழில் உரிமத் தொகுப்பிலும் இடம்பெறுகிறது. ஆகவே ஓர் உணவகம் எந்நாளில் உரிமம் பெற்றது, மதுவோ புகையிலையோ விற்கும் உரிமமும் உடையதா, எப்பொழுது கைமாறியது என்பவற்றைச் சோதனைப் பதிவோடு பொருத்திக் காணலாம். இரு ஆவணங்களை இணைக்கும் பொதுக் குறியீடு என்ற வகையில் இவ்வெண் தனித்த மதிப்புடையது.

4. விதியின் சொல் மாறுதல்

2018 சூலை 1 முதல் சிகாகோ தன் குறை வகைப்பாட்டை நடுவணரசின் மாதிரி உணவு விதித்தொகுப்பிற்கு இணங்க மாற்றியமைத்தது. அதுகாறும் 'கடுங்குறை', 'பெருங்குறை', 'சிறுகுறை' என்னும் முறையில் வழங்கியவை, 'முதன்மை', 'முதன்மைக்கு அடிப்படை', 'பொது' என வேறு பெயரும் வேறு எல்லையும் பெற்றன. விதி எண்களும் மாறின. எனவே 2010 முதல் இன்று வரை கடுங்குறைகள் கூடினவா குறைந்தனவா என ஒரே கோடாக வரைந்து காட்டுதல் பொருந்தாது. அந்நாளில் மாறியது சமையலறையன்று. சமையலறையை விவரிக்கும் சொல்லே மாறியது. நில அளவைகள் மாறிய காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்போர், எக்கோலால் அளந்தது என முதலில் கேட்பது மரபு. அம்மரபு இங்கும் வேண்டப்படுகிறது.

5. எழுதியவர் யார்?

சிகாகோவில் 15,000க்கும் மேற்பட்ட உணவு நிலையங்கள் இருக்க, சோதனையாளர் எண்ணிக்கை 2014 அளவில் ஏறத்தாழ மூன்று டசனாக இருந்தது. எங்கு முதலில் செல்வது என்பதைத் தீர்மானிக்க, நகரம் புள்ளியியல் முறையொன்றை உருவாக்கிற்று. முந்தைய கடுங்குறைகள், கடைசிச் சோதனையிலிருந்து கழிந்த காலம், உரிமத்தின் வயது, அண்மை நாட்களின் வெப்பநிலை, சுற்றுப்புறக் குப்பைப் புகார்கள், சுற்றுப்புறத் திருட்டுகள் ஆகியன இதில் கணக்கிலெடுத்துக் கொள்ளப்பட்டன. 2014 செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் பதிவுகளைக் கொண்டு ஒப்பிட்டபோது, புதிய வரிசைப்படி சென்றிருந்தால் கடுங்குறைகள் சராசரியாக ஏறத்தாழ 7 நாள் முன்னரே வெளிப்பட்டிருக்கும் எனக் கணக்கிடப்பட்டது. இரு மாதங்களின் முதற்பாதியில் வெளிப்படுவன 55 விழுக்காட்டிலிருந்து 69 விழுக்காடாக உயர்ந்திருக்கும்.

இம்முறையின் கணினி நிரலையும் நகரம் வெளியிட்டமை போற்றத்தக்கது. அதனை நோக்குங்கால் ஒரு செய்தி புலனாகிறது. கணிப்பிற்கு உதவும் காரணிகளுள் சோதனையாளர் யார் என்பதும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. சோதனையாளர்கள் பெயர் சுட்டாது நிறங்களின் பெயரால் ஆறு குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். குழுவிற்குக் குழு கடுங்குறை காணும் அளவு பெரிதும் வேறுபட்டது. 2019இல் இம்முறையை மீளாய்வு செய்த கண்ணன், ஷாபிரோ, பில்ஜிக் ஆகியோரும் கணிப்பு சோதனையாளரைப் பெரிதும் சார்ந்திருந்தமையைச் சுட்டிக்காட்டினர். கண்டிப்பானவர் செல்லும் தெருவில் குறை மிகுதியாகவும், இணக்கமானவர் செல்லும் தெருவில் குறைவாகவும் எழுதப்படும் என்பதே இதன் பொருள்.

இது சோதனையாளரைக் குறைகூறுவதன்று. சிலர்மேல் பெரும்பணி சுமத்தப்பட்டிருந்தது. அந்நகரின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, மிகு இடர் நிலையங்களுள் பாதிக்கும் குறைவானவையே விதித்த எண்ணிக்கையில் சோதிக்கப்பட்டன எனக் கண்டது. எனவே ஓர் உணவகத்தின் பெயரில் குறை எழுதப்படாமை, குறை இல்லாமையைக் காட்டலாம். எவரும் செல்லாமையையும் காட்டலாம். சோதனை நாட்களின் இடைவெளியை நோக்காது இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

6. பதிவேடு விடுத்தவை

நியூயார்க் தொகுப்பு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு சோதனையைக் குறிக்காது, ஒரு குறையைக் குறிக்கிறது. ஆறு குறை கண்ட ஒரே சோதனை ஆறு வரிகளாக விரியும். இன்னும் சோதிக்கப்படாத புதிய உணவகங்களுக்குச் சோதனை நாளாக 1900 சனவரி 1 என்னும் நாள் இடப்பட்டுள்ளது. விளக்கக் குறிப்பைப் படியாதவர், அப்புத்தாண்டு நாளில் நியூயார்க்கின் சோதனையாளர்கள் பெருமுயற்சி மேற்கொண்டனர் என எழுத நேரும்.

இவற்றினும் முக்கியமானது, அத்தொகுப்பு நடப்பில் உள்ள உணவகங்களை மட்டுமே கொண்டிருத்தல் ஆகும். மூடப்பட்ட உணவகத்தின் பதிவுகள் வெளியீட்டிலிருந்து நீங்கிவிடுகின்றன. நீடிப்பவற்றிற்கும் அண்மைச் சில ஆண்டுகளின் சோதனைகளே காட்டப்படுகின்றன. இன்று எங்கு உண்பது எனத் தேடும் நுகர்வோர்க்கு இது போதும். வரலாற்றாளர்க்கோ இது பேரிழப்பு. தோற்றவர் பெயர் நீக்கப்பட்டு வென்றவர் பெயர் மட்டும் எஞ்சும் ஆவணத்தைக் கொண்டு ஒரு தொழிலின் வரலாற்றை எழுதினால், உணவகத் தொழில் உள்ளபடியினும் உறுதியானதாகத் தோன்றும். சிகாகோவோ 2010 முதல் அனைத்தையும் வைத்திருப்பதோடு, தொழில் நின்ற செய்தியையும் ஒரு பதிவாக எழுதி வைக்கிறது. எழுத்தட்டை நியூயார்க்கின் நுகர்வோர்க்கு உதவுகிறது. பழைய பதிவைக் காக்கும் முறையால் சிகாகோ வருங்கால ஆய்வாளர்க்கு உதவுகிறது.

நியூயார்க் தொகுப்பில் சமையல் வகைக்கெனத் தனிப் புலம் உண்டு. அதில் 'இந்திய' என்பது ஒரு வகை; பாகிஸ்தான், வங்காளதேச வகைகள் தனியே உள்ளன. ஓர் உணவகத்திற்கு ஒரு வகையே இடப்படுதலின், இட்டலியும் தோசையும் விற்கும் தமிழர் உணவகமும் தந்தூரி அடுப்பு வைத்திருக்கும் பஞ்சாபியர் உணவகமும் பெரும்பாலும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. சிகாகோத் தொகுப்பில் அப்புலமே இல்லை. தேவன் அவென்யூ போன்ற தெற்காசியர் கடைத்தெருவை அங்கு முகவரியைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. புலம்பெயர்ந்த சமூகத்தின் உணவு வரலாற்றைத் தேடுவோர்க்கு இவ்விரண்டு தொகுப்புகளும் இருவேறு வகையில் மௌனம் சாதிக்கின்றன.

7. விதியும் சமையல் மரபும்

குறைகளுக்கு அடிப்படையாகும் விதிகளுள் வெப்பநிலை விதி முக்கியமானதொன்று. கெடும் இயல்புடைய உணவு ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்குக் கீழோ 57 பாகைக்கு மேலோ இருத்தல் வேண்டும் என்பது மாதிரி விதித்தொகுப்பின் நெறி. நுண்ணுயிரியல் அடிப்படை கொண்ட இவ்விதியின் தேவையை மறுத்தற்கில்லை. எனினும் எல்லாச் சமையல் மரபுகளும் ஒருங்கே எண்ணப்பட்டு அது எழுதப்படவில்லை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கடைகளில் தொங்கவிடப்படும் சீன வறுத்த வாத்து விதி மீறலாகக் கருதப்பட்டமையால், கலிபோர்னியா மாநிலம் 1982இல் அதற்கு விலக்களித்துச் சட்டம் இயற்றியது. 2001இல் கொரிய அரிசிக் களிக்கும் அத்தகைய சட்டம் தேவைப்பட்டது. சட்டம் இயற்றப்பட்ட நாளுக்கு முன் 'குறை' என எழுதப்பட்டது, மறுநாள் குறையன்று. பண்டமோ மாறவில்லை.

இதனைத் தமிழர் சமையலறைக்கும் பொருத்திப் பார்க்கலாம். இரவு முழுதும் அறை வெப்பத்தில் புளிக்க வைக்கப்படும் மாவு, அம்முறையை அறியாத சோதனையாளர்க்குக் கவனக்குறைவாகத் தோன்றக்கூடும். அதனை விளக்கிக் கூறும் மொழித்திறனும் துணிவும் உடைய உரிமையாளருக்கும் அவை இல்லாதவருக்கும் ஒரே பதிவு எழுதப்படும் எனக் கருதுவதற்கில்லை. ஒரு சொல் பதிவேட்டில் ஏறுவதற்கும் ஏறாமைக்கும் இடையே ஒரு குடும்பத்தின் பிழைப்பு நிற்கிறது.

8. அறிவிப்பின் பயன் குறித்த விவாதம்

லாஸ் ஏஞ்சலஸ் எழுத்தட்டை முறையை ஆராய்ந்த ஜின், லெஸ்லி ஆகியோர் 2003இல், அட்டை தொங்கவிடப்பட்ட பின் மதிப்பெண்கள் உயர்ந்தன எனவும், உணவு வழி நோயால் மருத்துவமனை சேர்ந்தோர் எண்ணிக்கை குறைந்தது எனவும் எழுதினர். இம்முடிவு உலகெங்கும் மேற்கோளாயிற்று. 2019இல் டேனியல் ஹோவும் உடனாய்வாளர்களும் அதனை மீளாய்ந்தனர். அட்டை முறைக்கு முந்தைய ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவில் சால்மொனெல்லா நோய் மிகுந்திருந்தது எனவும், பின்னர் நேர்ந்த வீழ்ச்சி அந்நோய் தணிந்ததையே காட்டுகிறது எனவும், அட்டையால் நோய் குறைந்தமைக்குச் சான்றில்லை எனவும் அவர்கள் கண்டனர். நியூயார்க்கில் மதிப்பெண்கள் 'ஏ' எல்லையாகிய 13ஐ ஒட்டிக் குவிவதையும் ஹோ 2012இலேயே சுட்டியிருந்தார். எழுத்து முக்கியமாகுந்தோறும் எழுதுவோர் கை எல்லைக் கோட்டில் தயங்குகிறது என்பதே அதன் உட்கிடை.

9. இந்தியச் சூழல்

இந்தியாவில் உணவுக் கலப்படத் தடைக்கு மாகாணச் சட்டங்களே முதலில் அமைந்தன. சென்னை மாகாணச் சட்டம் 1918ஐயும் வங்காளச் சட்டம் 1919ஐயும் சேர்ந்தவை. விடுதலைக்குப் பின் 1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதனை அகற்றி 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்த 2006இன் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டமும் நாடு முழுமைக்குமாயின. உணவகத்தைப் பற்றிய எழுத்தோ பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. தொழில் உரிமம் மாநகராட்சியிடமும், உணவு உரிமம் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் உள்ளன. தில்லியில் உணவகங்கள் 2025 சூன் வரை காவல்துறையிடமும் உரிமம் பெற வேண்டியிருந்தது.

இச்சிதறலை இணைக்கும் வாய்ப்பு இன்று உள்ளது. உணவு நிறுவனங்களுக்கு வழங்கப்படும் 14 இலக்க எண்ணை 2022 சனவரி முதல் விற்பனைச் சீட்டிலும் குறிக்க வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. சிகாகோவின் உரிம எண்ணைப் போன்று இவ்வெண்ணும் பல ஆவணங்களைக் கோக்கும் நூலாக அமையலாம். அவ்வாறு அமையும்போது, மூடப்பட்டவற்றின் பதிவையும் காத்தல், விதி மாறிய நாளைக் குறித்தல், சோதனையாளரின் உரைநடைக் குறிப்பை விட்டுவிடாமை ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே பேணப்பட வேண்டும். பின்னர்ச் சேர்த்தல் அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. சோதனைப் பதிவேடு உணவின் நிலையை மட்டுமன்றி, சோதிப்போரின் எண்ணிக்கை, மனப்பாங்கு, விதியின் மொழி ஆகியவற்றையும் சேர்த்தே பதிவு செய்கிறது. விதியின் சொல் மாறிய இடங்களில் காலத்தொடர் அறுபடுகிறது. பதிவின்மை தூய்மைக்குச் சான்றாகாது. நடப்பிலுள்ளவற்றை மட்டும் காட்டும் தொகுப்பு வரலாற்றுச் சான்றாகுதற்குக் குறையுடையது. விதி ஒரு சமையல் மரபை அறியாதவிடத்து, அம்மரபினரின் பெயரில் குறை மிகுந்து எழுதப்படக்கூடும்.

இக்குறைகளைக் கண்டு பதிவேட்டைப் புறந்தள்ளுதல் முறையன்று. 1933இல் செய்தியை வெளியிடாது வைத்திருந்தமைக்கு நேர்ந்த விலை 98 உயிர்கள் இறந்த நிகழ்வோடு இணைந்தே நினைக்கப்படுகிறது. அன்று விடுதிக் குழாயை விடுத்துச் சமையற்காரரை ஐயுற்ற பிழையும் உடன் நினைக்கத்தக்கதே. பதிவேடு திறந்திருத்தல் முதற்பிழையைத் தடுக்கும். அதனைக் கவனத்துடன் படித்தலே இரண்டாவதைத் தடுக்கும். முன்னது அரசின் கடமை. பின்னது ஆய்வாளரின் கடமையாகும்.